சிபாப் மாஸ்க்கோடு என் முதல் நாற்பது இரவுகள்

தஞ்சாவூரில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டு அதிரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரத்தநாட்டைத் தாண்டி பட்டுக்கோட்டை ரோட்டில் கார். மணி இரவு பத்துகூட ஆகவில்லை. ஓட்டியது நான். பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் உம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும். அதற்கடுத்து எனக்கு நினைவிருப்பது, "மச்சான்!" என்று மனைவி போட்ட சத்தமும், எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்த அவள் கையும்தான். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

முந்தின இரவு நான் ஏழரை மணி நேரம் தூங்கியிருந்தேன். அன்று மதியமும் ஒரு மணி நேரம் படுத்தேன். தூக்கம் கெட்டு வண்டி எடுத்தவன் அல்ல நான். அப்படியிருந்தும் கண் எப்படிச் சொருகியது என்ற கேள்விதான் என்னை டாக்டரிடம் கொண்டுபோனது.

உண்மையில் பதில் வீட்டிலேயே இருந்தது. "நீங்க குறட்டை விடுறது எனக்குப் பிரச்சினை இல்ல மச்சான், விடாம நிக்கிறதுதான் பயமா இருக்கு" என்று மனைவி பல வருடமாகச் சொல்லி வந்தாள். குறட்டை திடீரென்று அடங்கும், மூச்சுச் சத்தமே இருக்காது, பிறகு முங்கியவன் மேலே வந்தது போல ஒரு திணறலோடு மூச்சு வரும். சில இரவுகளில் அவள் என் தோளைத் தட்டி மூச்சு விட வைத்திருக்கிறாள். நானோ அதைச் சிரித்துக் கழித்தேன். வாப்பாவும் இப்படித்தான் குறட்டை விடுவார்கள், எங்கள் வீட்டில் அது ஒரு கேலிப் பேச்சு. ஜும்ஆ பயானில் நான் தலை ஆட்டித் தூங்குவதும் தெருவில் பழைய கதை.

இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் எல்லாருக்கும் தளர்கின்றன. சிலருக்கு அவை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரிந்து, காற்றுப் பாதை மொத்தமாக மூடிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சை இழுக்கப் பார்க்கிறது, காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து ஒரு சில விநாடிகளுக்கு நம்மை எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம். எழுந்தது நமக்கு நினைவே இருக்காது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால்தான் பரிசோதனையில் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுக்கிறார்கள். மூச்சு நிற்பதும் பாதியாகக் குறைவதும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்பதுதான் ஏ.ஹெச்.ஐ. என்ற எண். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. எனக்கு 41 வந்தது. அதாவது சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழரை மணி நேரத் தூக்கம் என்று நான் நினைத்தது, முந்நூறு துண்டாக வெட்டிப் போட்ட தூக்கம்.

டாக்டர் முதலில் சொன்னது, சிகிச்சை சரியாகும்வரை காரைத் தொடாதீர்கள் என்பது. இதைப் படிக்கும் யாருக்காவது பகலில் காரணமில்லாமல் கண் சொருகினால் அவர்களுக்கும் அதே வார்த்தைதான். வளைகுடாவில் லாரி, டாக்ஸி ஓட்டும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்.

குறட்டை மட்டுமே அடையாளம் இல்லை. காலையில் எழும்போது தலைவலி, வாய் வறட்சி, இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுவது, மூன்று மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதில் சேரும். இரவில் எழுவதைச் சர்க்கரையின் தலையிலோ புராஸ்டேட்டின் தலையிலோ கட்டிவிடுகிறோம். மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இழுவையால் இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது சிறுநீரகத்தை வேலை வாங்குகிறது. இதையும் ஒரு காரணமாக டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது அதிகமாகிறது. ஆனால் "நான் குறட்டை விடுகிறேன்" என்று நம் வீட்டுப் பெண்கள் யாரும் டாக்டரிடம் போய்ச் சொல்வதில்லை. அசதி, தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்பார்கள். தூக்க மாத்திரையோ சத்து மாத்திரையோ கிடைக்கும். உம்மா, லாத்தா யாராவது இப்படிச் சொன்னால் ஓர் இரவு பக்கத்தில் படுத்து மூச்சைக் கவனியுங்கள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த சிகிச்சை, சிபாப் மெஷின். பெயரைக் கேட்டு உம்மா ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று நினைத்து அழுதுவிட்டார்கள். அது ஆக்ஸிஜன் மெஷின் இல்லை. அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்து, வடிகட்டி, லேசான அழுத்தத்தோடு குழாய் வழியாக மூக்குக்குள் அனுப்புகிறது. துவண்டு கிடக்கும் சைக்கிள் டியூபில் காற்று ஏறியதும் உள்பக்கம் விரிந்து நிற்பது போல, அந்தக் காற்று தொண்டையை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் 1980இல் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தார். வாக்யூம் கிளீனர் மோட்டாரைத்தான் திருப்பி, காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்தார்கள். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த ஒரே உறுதியான வழி, கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. மாஸ்க் போட அலுத்துக்கொள்ளும் நாளில் நான் நினைத்துக்கொள்வது இதை.

அலுத்துக்கொண்டேன் என்பது குறைத்துச் சொல்வது. மெஷின் வாங்கி வந்த நான்காம் நாள் அதைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றினேன். ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது.

முதல் இரவு எனக்கு மூச்சு முட்டியது. முகத்தில் ஏதோ வந்து அப்பிக்கொண்ட உணர்வு. உள்ளே இழுப்பது சுலபம், வெளியே விடுவதுதான் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. வாயைத் திறந்தால் காற்று வாய் வழியாகப் பீறிட்டது. புரண்டு படுத்தால் மாஸ்க் விலகி கண்ணில் காற்று அடித்தது. வாரை இழுத்து இறுக்கினேன், மூக்குத்தண்டில் புண் வந்தது. காலையில் வயிறு பலூன் போல உப்பியிருந்தது. விற்ற கடைக்காரர் இருபது நிமிடம் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர்தான், பிறகு போனை எடுக்கவில்லை. "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டினேன். அதன் பிறகுதான் ஒரத்தநாட்டு ரோடு. ஆமாம், அந்த இரவு மெஷின் என் அலமாரி மேல்தான் இருந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதியதற்காக மன்னியுங்கள். முதல் வரியிலேயே அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாளே டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. "ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நோய் கிடையாது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எது தொந்தரவு?" என்று கேட்டார். நான் சொன்ன ஆறு தொந்தரவுக்கும் ஆறு வெவ்வேறு காரணம் இருந்தது, எல்லாவற்றுக்கும் பதிலும் இருந்தது. மெஷினைக் கைவிடுகிறவர்களில் நிறையப் பேர் முதல் சில வாரங்களில்தான் கைவிடுகிறார்கள். அந்த வாரங்களில் பக்கத்தில் சொல்லித்தர யாராவது இருந்தால் பாதிப் பேராவது விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மாஸ்க், தாடி, தேங்காய் எண்ணெய்

பிரச்சினையில் பெரும்பங்கு மெஷினில் இல்லை, மாஸ்க்கில். மூன்று வகை இருக்கிறது. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்குத் துவாரங்களுக்குள் லேசாகப் பொருந்தும் இரண்டு சிறிய சிலிக்கான் குமிழ்கள் கொண்டது இன்னொன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. எனக்குக் கடையில் கொடுத்தது மூன்றாவது வகை. முகத்தில் நல்ல அடர்த்தியான தாடி வைத்திருப்பவனுக்கு அது பொருந்தாது. தாடி முடிக்கும் சிலிக்கானுக்கும் இடையில் காற்று கசிந்துகொண்டே இருக்கும், கசிகிறதே என்று வாரை இறுக்குவோம், புண் வரும், இன்னும் கசியும். தாடியை எடுக்கச் சொன்னவரும் உண்டு. தேவையே இல்லை. துவாரத்தில் பொருந்தும் வகை தாடியைத் தொடுவதில்லை. மீசை ரொம்ப அடர்த்தியாக இல்லாமல் கத்தரித்திருந்தால் போதும். அதற்கு மாறிய அன்றே கசிவு நின்றது.

வாரை இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. மாஸ்க்கின் விளிம்பு காற்றால் உப்பி முகத்தில் ஒட்ட வேண்டும், வாரால் நசுங்கி ஒட்டக் கூடாது. கண்ணாடி முன் நின்று பொருத்தாதீர்கள். படுத்து, மெஷினை ஓட விட்டு, தலையணையில் தலை வைத்த நிலையில், தளர்வாகத் தொடங்கி, கசிவு நிற்கும் வரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வாருக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு விரல் போக வேண்டும்.

முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும். இரவில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கத்தை நான் காலைக்கு மாற்றினேன். படுக்கும் முன் ஒளூ செய்து முகத்தைத் துடைத்துவிட்டு மாஸ்க் போட்டால் நன்றாக ஒட்டுகிறது, இது எனக்குத் தற்செயலாகத் தெரிந்த விஷயம். தாடியில் தடவும் அத்தரும் சிலிக்கானில் ஏறிக்கொண்டு இரவெல்லாம் மூக்கில் அடிக்கும். காலையில் மூக்கில் படும் பகுதியை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் நிழலில் காய வையுங்கள்.

பகலில் பழகுங்கள்

முகத்தை மூடினால் பயம் வருகிறவர்கள் இரவில் போரிட வேண்டாம். எனக்கு டாக்டர் சொல்லித்தந்த முறை இது. முதல் இரண்டு நாள் மாஸ்க்கைக் கையில் பிடித்து மூக்கில் வைத்து எடுத்தேன், வார் போடவில்லை, குழாய் இணைக்கவில்லை. பிறகு வார் போட்டு, அஸருக்குப் பின் உட்கார்ந்து போனில் செய்தி படித்துக்கொண்டே இருபது நிமிடம். அடுத்து மெஷினை ஓட விட்டு அதே இருபது நிமிடம், உட்கார்ந்தபடியே. அதற்கப்புறம் மதியம் கைலூலா தூக்கத்தில் முக்கால் மணி நேரம். ஒரு வாரம் கழித்துத்தான் இரவுக்குப் போனேன். எந்தக் கட்டத்தில் பதற்றம் வந்தாலும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முந்தின கட்டத்துக்குத் திரும்பலாம். கழற்ற ஒரு நொடிதான் ஆகும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது.

மூச்சை வெளியே விட முடியவில்லை என்ற தொந்தரவுக்கு மெஷினிலேயே இரண்டு வசதிகள் இருக்கின்றன. என் கடைக்காரர் இரண்டையும் போட்டுத்தரவில்லை. ஒன்று ராம்ப். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நாம் தூங்கும்வரை மெல்ல ஏற்றும். நடு இரவில் விழித்துக்கொண்டு காற்று வேகமாகத் தெரிந்தால் அந்தப் பட்டனை மறுபடி அழுத்தினால் மீண்டும் குறைந்து தொடங்கும். இன்னொன்று, மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் அமைப்பு. இந்த மெஷின்களின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், நாமாகத் திருகக் கூடாது. வயிறு உப்புவதும் பெரும்பாலும் அழுத்தம் அதிகமாக இருப்பதாலோ, விழுங்கிய காற்றாலோதான். எனக்கு டாக்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் சரியானது.

வாய் வறண்டால் வாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். மூக்கு அடைத்திருப்பவர் வாயைத்தான் திறப்பார், ஆகவே முதலில் மூக்கைப் பாருங்கள். உப்புநீர்ச் சொட்டு மருந்து, தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் ஸ்பிரே. அடுத்து, மெஷினோடு வரும் தண்ணீர்த் தொட்டி. அது காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வாய் திறந்தால் தாடைப் பட்டி உண்டு, அல்லது வாயையும் மூடும் மாஸ்க்.

ஏசி அறையில் படுப்பவர்களுக்கு வேறொரு கூத்து. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் தண்ணீராகி, நடு இரவில் மூக்கில் சொட்டும். துபாயில் இருக்கும் என் மைத்துனர் மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்துவிட்டார். குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்து, ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தால் போதும்.

மெஷின் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளி இரவு சாம்பிராணி போட்டால் அந்த அறையில் வேண்டாம். கொசுவர்த்திச் சுருள் கட்டிலுக்கு அடியில் எரிந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. வலை கட்டிக்கொள்வது உத்தமம். பின்பக்கம் இருக்கும் ஃபில்டரை நான் மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்றிவிடுவேன்.

பக்கத்தில் படுப்பவர்

இந்தக் கருவியைப் பழகுவது ஒரு ஆளின் வேலை இல்லை. சின்ன மகள் என்னை மாஸ்க்கோடு பார்த்து முதல் நாள் அலறினாள். மறுநாள் அவளையே பட்டன் அழுத்தச் சொன்னேன். "வாப்பாவுக்கு யானை மூக்கு" என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். பரவாயில்லை. இப்போது நான் மாஸ்க் இல்லாமல் சாய்ந்தால் அவள்தான் காட்டிக்கொடுக்கிறாள்.

மனைவியிடம் ஒரே ஒரு வேலை கேட்டேன். நடு இரவில் என்னை அறியாமல் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டிருந்தால் எழுப்பிச் சொல். முதல் இருபது இரவுகளில் பத்துப் பன்னிரண்டு தடவை எழுப்பியிருப்பாள். நாற்பதாவது இரவை ஒட்டித்தான், ஃபஜ்ர் பாங்கு கேட்டு எழும்போது மாஸ்க் முகத்திலேயே இருந்தது. எனக்கு நாற்பது நாள் ஆனது. ஒரு வாரத்தில் பழகியவரும் உண்டு, மூன்று மாதம் பிடித்தவரும் உண்டு. சத்தத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: கசிவில்லாமல் ஓடும் மெஷினின் சத்தம் எங்கள் சீலிங் ஃபேன் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. என் மனைவி பதினாறு வருடத்துக்குப் பிறகு முழு இரவு தூங்கியதாகச் சொன்னாள். அவளுடைய தூக்கத்தையும் நான் தின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இளைஞர்கள் விஷயத்தில் ஒரு சங்கடம். முப்பது வயதில் மெஷின் எழுதிக்கொடுத்த ஒரு பையன், நிக்காஹ் முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று பரணில் வைத்திருந்தான். பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நல்லது என்று நான் சொன்னேன். கண்ணாடி போடுவதை மறைக்கிறோமா?

ரமளானில்

தூக்கம் இரவு முழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கனவு காணும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்த நேரத்தில் உடல் தசைகள் மிகவும் தளர்ந்துவிடுவதால் மூச்சு நிற்பதும் பலருக்கு அப்போதுதான் அதிகமாகவும் நீளமாகவும் இருக்கும். ரமளானில் நாம் செய்வது என்ன? தராவீஹ் முடிந்து படுக்கும்போது மாஸ்க் போடுகிறோம், ஸஹருக்கு எழும்போது கழற்றுகிறோம், ஃபஜ்ருக்குப் பிறகு "கொஞ்ச நேரம்தானே" என்று மாஸ்க் இல்லாமல் சாய்கிறோம். எந்த நேரத்தில் மெஷின் மிகவும் தேவையோ அந்த நேரத்தில் அது அணைந்து கிடக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் படுத்தாலும், மதியம் அரை மணி நேரம் சாய்ந்தாலும் மாஸ்க் வேண்டும். ஸஹருக்கோ தஹஜ்ஜுதுக்கோ கழிவறைக்கோ எழும்போது மாஸ்க் முழுவதையும் கழற்றத் தேவையில்லை. பெரும்பாலான மாஸ்க்குகளில் குழாய் சேரும் இடத்தில் அழுத்தினால் குழாய் மட்டும் கழன்றுவரும்.

நோன்பு வைத்துக்கொண்டு பகலில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை அல்ல. ஆனால் ஆலிமிடம் கேட்கும்போது "மூக்கில் மருந்து வைக்கும் மெஷின்" என்று தப்பாகச் சொல்லிக் கேட்காதீர்கள். விஷயத்தை உள்ளபடி சொல்லுங்கள்: இதில் மருந்து எதுவும் இல்லை, அறைக் காற்றுதான் வருகிறது, தொட்டியில் தண்ணீர் இருந்தால் அதன் ஈரப்பதம் காற்றில் கலந்திருக்கும், தொட்டியில் தண்ணீர் இல்லாமலும் மெஷினை ஓட்ட முடியும்.

எத்தனை மணி நேரம்?

அமெரிக்க அரசுக் காப்பீட்டில், 30 நாளில் 70 சதவீத இரவுகளாவது குறைந்தது 4 மணி நேரம் போட்டால்தான் "பயன்படுத்துகிறார்" என்று கணக்கு. அது காப்பீட்டுக்காரர் கணக்கு. நாம் தூங்கும் நேரம் முழுக்க என்பதுதான் சரி. விற்பவர்கள் சிலர் "இதைப் போட்டால் மாரடைப்பே வராது" என்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்தார்கள். சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அந்த ஆய்வில் அவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் விஷயத்தில், இரவில் நான்கு தடவை எழுந்தவன் ஒரு தடவை எழுகிறேன். ஜும்ஆ பயான் முழுதும் கேட்கிறேன். மெஷின் காட்டும் கணக்கில் என் எண் 41இலிருந்து 3க்கு வந்திருக்கிறது. மெஷினில் பதியும் மணி நேரம், கசிவு, இந்த எண் மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். எடை குறைந்தால் இந்த நோயும் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் குறைத்த பிறகு மறுபரிசோதனை செய்யாமல் மெஷினை நிறுத்த வேண்டாம்.

வாங்கும்போதும் பயணத்திலும்

முடிந்தால் முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். பல ஆயிரம் போட்டு வாங்கியபின் மாஸ்க் சேரவில்லை என்றால் மனசு விட்டுவிடும். வெவ்வேறு மாஸ்க் போட்டுப் பார்க்க விடும் கடையைத் தேடுங்கள்.

வளைகுடாவிலிருந்து யாரோ பயன்படுத்திய மெஷினைக் கொண்டுவந்து கொடுப்பது நம் ஊர்களில் நடக்கிறது. கவனம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். பழைய மெஷின் கைக்கு வந்தால் மாடல் எண்ணைப் பார்த்து, அந்தப் பட்டியலில் உண்டா என்று விசாரியுங்கள். இன்னொருவருக்கு வைத்த அழுத்தத்தில் அப்படியே போட்டுக்கொள்வதும் கூடாது. சில மாஸ்க்குகளில் வாரை மாட்ட காந்தக் கொக்கி இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர், மூளையில் உலோக கிளிப் போட்டவர் காந்தம் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் படுப்பவர் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலும் அப்படித்தான்.

கரண்ட் போனால் மூச்சடைத்துவிடுமோ என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடைக்காது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றதும் தானே திறக்கும் வால்வு உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் மெஷின் தாராளமாக ஓடும். கரண்டை அதிகம் தின்பது தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான், அதை அணைத்துவிட்டால் பேட்டரி நீண்ட நேரம் நிற்கும்.

விமானத்தில் மெஷினை லக்கேஜில் போடாதீர்கள், கையில் வையுங்கள். தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் காய வைத்து, டாக்டர் கடிதம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்கள் எந்த நாட்டு மின்சாரத்திலும் ஓடும், பிளக் மட்டும் மாறும். நம்மூர் உருண்டைக் கால் பிளக் சவூதிச் சுவரில் சேராது, அடாப்டர் வேண்டும். தனியாக லித்தியம் பேட்டரி வாங்கினால் 100 வாட்-அவர் வரை கையில் கொண்டுபோகலாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் குழுத் தலைவரிடம் புறப்படும் முன்பே சொல்லி, மினா கூடாரத்தில் பிளக் பாயிண்ட் பக்கம் இடம் கேட்டு வையுங்கள். நீளமான ஒயர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்தலிஃபாவில் இரவு திறந்தவெளியில் கழியும், அங்கே பிளக் பாயிண்டை எதிர்பார்க்க முடியாது. பேட்டரி இல்லாதவர் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்து, மல்லாந்துவிடாதபடி முதுகுக்குப் பையை அண்டை கொடுத்துப் படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் படுப்பவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.